எஃப்.டி.ஜி. பெட்: வளைவு கச்சிதமாகப் பொருந்துகிறது, கே1, கே2, கே3 மட்டும் ஏன் ஒத்துவரவில்லை?

#1 வளைவரை

மனித மூளையின் 60 நிமிட எஃப்.டி.ஜி. பெட் தரவு. எஃப்.டி.ஜி. என்பது குளுக்கோஸ் போன்ற கதிரியக்க டிரேசர் (சுவடறி பொருள்); பெட் அதன் செறிவை நேரத்தோடு படமெடுக்கும் ஸ்கேன். பிரேம்கள் (தொடர் படங்கள்): 12×5 விநாடி, 6×10 விநாடி, 6×30 விநாடி, 5×1 நிமிடம், 10×5 நிமிடம். மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுத்த இரத்த சாம்பிள்களும் இருக்கின்றன. புறணியில் ஒரு சாம்பல்நிறப் பகுதியை வரைந்து, அதன் நேர வளைவை ஈரறை மாடலில் பொருத்தினேன். கே1 இரத்தத்திலிருந்து திசுவுக்குள் நுழையும் வீதம், கே2 இரத்தத்துக்குத் திரும்பும் வீதம், கே3 திசுவுக்குள் பாஸ்பேட் ஏறும் வீதம், கே4 அந்தப் பாஸ்பேட் கழலும் வீதம். வந்த விடை:

கே1 = 0.19, கே2 = 0.55, கே3 = 0.12. கே3இன் திட்டப்பிழை 40%.

கே4 = 0, இரத்தக் கன அளவுப் பங்கு விபி = 0. இரண்டும் மென்பொருளின் இயல்பமைப்பு.

சாம்பல்நிறப் பகுதிக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் மதிப்புகள் (1979–80இல் பெல்ப்ஸ், ஹுவாங் குழுவினர் தந்தவை) 0.102, 0.130, 0.062, கே4 0.0068. என் எண்கள் இவற்றின் அருகில்கூட இல்லை. ஆனால் நிகர உள்வாங்கல் வீதம் கேஐ = கே1×கே3/(கே2+கே3) என்று கணக்கிட்டால் எனக்கு 0.034, அவர்களுக்கு 0.033. வளைவோ புள்ளிகளின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தனித்தனி எண்கள் தப்பாகவும் கூட்டு எண் சரியாகவும் வருவது எப்படி? இதில் எதை நம்பலாம்?

#2 நுண்குழாய்

சமன்பாட்டை முதலில் பொதுவில் வைத்துவிடுவோம், பின்னால் வருபவர்களுக்கும் உதவும். சிபி என்பது தமனி பிளாஸ்மாவில் டிரேசர் செறிவு. சி1 திசுவுக்குள் நுழைந்தும் மாற்றமடையாத எஃப்.டி.ஜி. சி2 ஹெக்சோகைனேஸ் நொதியால் பாஸ்பேட் ஏறி உள்ளே மாட்டிக்கொண்டது.

சி1 மாறும் வீதம் = கே1×சிபி − (கே2+கே3)×சி1 + கே4×சி2
சி2 மாறும் வீதம் = கே3×சி1 − கே4×சி2
ஸ்கேனர் காண்பது = (1−விபி)×(சி1+சி2) + விபி×முழு இரத்தச் செறிவு

கே1க்கு அலகு மிலி/கன செ.மீ./நிமிடம். மற்ற மூன்றும் நிமிடத்துக்கு இத்தனை. கே1 மட்டும் வேறு அலகில் இருப்பதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கே4 = 0 என்றால் திசுவின் துடிப்பு மறுமொழி, அதாவது ஒரே கணத்தில் பிளாஸ்மாவில் டிரேசர் வந்துபோனால் திசுவில் தெரியும் வளைவு, இப்படி வரும்:

கே1/(கே2+கே3) × [கே3 + கே2 × எக்ஸ்ப்(−(கே2+கே3)×நேரம்)]

இந்த ஒரு வரியில் உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. வளைவு கே1 உயரத்தில் தொடங்குகிறது, (கே2+கே3) வேகத்தில் இறங்குகிறது, கேஐ உயரத்தில் சமதளமாகிறது. தரவு நேரடியாகச் சொல்வது இந்த மூன்று எண்களை மட்டுமே. பெல்ப்ஸ் மதிப்புகளில் கே2+கே3 = 0.192, அரைக்காலம் 3.6 நிமிடம். அதனால் கே1 பற்றியும் கே2+கே3 பற்றியும் தரவு சொல்வதெல்லாம் முதல் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மிச்சம் 50 நிமிடமும் கேஐயை மட்டும்தான் திரும்பத் திரும்ப உறுதிசெய்கிறது. தொடக்கப் பகுதியில் எதைக் கெடுத்தாலும் கேஐ தப்பித்துக்கொள்ளும், தனி மாறிலிகள் சிதறும். உங்களிடம் நடந்திருப்பது இதுதான்.

கெடுத்தது எது? விபி = 0. அளவோடு பாருங்கள். பெங் குழுவினர் 1993இல் கொடுத்த உள்ளீட்டுச் சார்பு:

சிபி = (ஏ1×நே − ஏ2 − ஏ3)×எக்ஸ்ப்(−4.134 நே) + ஏ2×எக்ஸ்ப்(−0.1191 நே) + ஏ3×எக்ஸ்ப்(−0.01043 நே)
ஏ1 = 851.1, ஏ2 = 21.88, ஏ3 = 20.81, நே நிமிடத்தில், செறிவு மைக்ரோகியூரி/மிலி

உச்சம் 15 விநாடியை ஒட்டி, 100க்கு அருகில். 30ஆவது விநாடியில் சிபி சுமார் 90, அதுவரையான பரப்பு சுமார் 42. பெல்ப்ஸ் மாறிலிகளைப் போட்டால் அப்போது திசுவுக்குள் சேர்ந்திருப்பது 4 சொச்சம். விபி 5% என்றால் இரத்தம் மட்டும் காட்டுவது 4.5. ஸ்கேனர் பார்க்கும் ஒளியில் பாதிக்கு மேல் இரத்த–மூளைத் தடுப்பைத் தாண்டவே இல்லை! 60ஆவது நிமிடத்தில் திசு 42, இரத்தம் 0.6; அங்கே விபி கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை.

விபியைப் பூட்டிவிட்டால் அந்த 4.5ஐயும் கே1தான் சுமக்க வேண்டும். ஏறுகிறது. ஏறிய சரக்கு இரத்தத்தோடு சேர்ந்து சீக்கிரம் இறங்கியும் ஆக வேண்டும் என்பதால் கே2ம் ஏறுகிறது. உங்கள் கே2+கே3 = 0.67, அரைக்காலம் ஒரு நிமிடம். அது திசுவின் எண்ணே அல்ல, இரத்தம் கடந்துபோன வேகம்.

#3 கதிரியல்

நுண்குழாய் சொன்னதோடு உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. விபியைச் சுதந்திரமாக விட முதல் நிமிடத்தில் 5 அல்லது 10 விநாடி பிரேம்கள் வேண்டும். முதல் பிரேமே 60 விநாடி என்றால் இரத்த உச்சம் அதற்குள் கரைந்துவிடும். விபியும் கே1ம் ஒன்றையொன்று ஈடுகட்டும். அந்த நிலையில் விபியை 0.05இல் நிறுத்திவிட்டு கே1ஐப் பற்றிப் பேசாமல் இருப்பதே நேர்மை.

பகுதி வரையும்போது பெரிய சிரைக்குழிகளை ஒட்டி வரையாதீர்கள். நடுக்கோட்டுக்கு அருகே புறணியில் வரைந்தால் விபி 0.10ஐத் தாண்டும். அது நுண்குழாய்களின் அளவு அல்ல, மேல் நெடுஞ்சிரைக்குழியின் கசிவு.

#4 பிளாஸ்மா_மேசை

எல்லோரும் திசு மாடலையே நோண்டுகிறீர்கள். இந்தக் கணக்கில் பிழை பெரும்பாலும் உள்ளே வருவது இரத்த வளைவு வழியாக. மேசையில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

சாம்பிள் நேரங்கள்: முதல் நிமிடம் 5 விநாடிக்கு ஒன்று, இரண்டாம் நிமிடம் 10 விநாடிக்கு ஒன்று, பிறகு 3, 4, 5, 7, 10, 15, 20, 30, 45, 60. சாம்பிள் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் குறியுங்கள். கணக்கில் நடுநேரம் போகும். ஸ்கேனர் கடிகாரமும் மேசைக் கடிகாரமும் காமா எண்ணியின் கடிகாரமும் ஊசி போடுவதற்கு முன்பே ஒத்துப்பார்க்கப்பட வேண்டும். 10 விநாடி வித்தியாசத்தை எந்த மாடலாலும் பின்னால் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அது உண்மையான தாமதத்தோடு கலந்துவிடும்.

குழாயின் வெற்றுக் கொள்ளளவு: கதீட்டரிலும் நீட்டுக் குழாயிலும் தங்கியிருக்கும் ஹெப்பாரின் உப்புநீரும் பழைய இரத்தமும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்னால் கழிய வேண்டும். கழிக்காவிட்டால் முதல் நிமிடத்தில் வளைவு நீர்த்துப்போய் உச்சம் தாழும், பின்பகுதி சரியாகவே இருக்கும். உச்சம் தாழ்ந்த உள்ளீட்டில் கே1 மேலே போகும். பின்பகுதி சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

சுழற்றுவது: ஹெப்பாரின் குழாயில் வாங்கி, பனிக்கட்டியில் வைத்து, சீக்கிரம் சுழற்றுங்கள். குளுக்கோஸ் அளக்கும் சாம்பிளைத் தேங்கவிட்டால் சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அந்த எண் கடைசியில் வளர்சிதை வீதத்தை நேரடியாகப் பெருக்கப்போகிறது.

எண்ணுவது: உச்ச நேரத்துச் சாம்பிள்களில் கதிரியக்கம் அதிகம். கிணற்று வடிவக் காமா எண்ணியில் இறந்தநேர இழப்பு (ஒன்றை எண்ணும் கணத்தில் அடுத்ததைத் தவறவிடுவது) வந்து, உச்சம் வெட்டினாற்போல் தட்டையாகும். சிறிய பங்கு எடுத்து எண்ணுங்கள், அல்லது ஒரு அரைவாழ்வு, புளோரின்-18க்கு 110 நிமிடம், கழித்து மறுபடி எண்ணி இரண்டையும் ஒப்பிடுங்கள். பிளாஸ்மாவின் பங்கை பிப்பெட் அளவை நம்பி எழுதாமல் தராசில் நிறுத்துவது மேல்.

குறுக்கு அளவீடு: அதே கரைசலை ஃபேன்டமில் (உடலுக்குப் பதிலாக வைக்கும் சோதனைக் கலம்) நிரப்பி ஸ்கேனரிலும், அதிலிருந்து ஒரு பங்கை எண்ணியிலும் பார்த்துக் காரணியைக் கண்டுபிடியுங்கள். எண்ணி 5% குறைத்துக் காட்டினால் கே1 5% கூடும், கேஐ 5% கூடும், கே2ம் கே3ம் அசையாது. முன்பு நுண்குழாய் அலகைப் பற்றிச் சொன்னாரே, அதன் பயன் இங்கே. பிளாஸ்மாவின் அளவுகோலைத் தன் அலகில் வைத்திருப்பது கே1 மட்டும்தான். ஒரு ஆய்வகத்தின் எல்லாத் தரவிலும் கே1 மட்டும் ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் முதலில் குறுக்கு அளவீட்டைப் பாருங்கள்.

தேய்வுத் திருத்தம்: பிளாஸ்மாவும் படமும் ஒரே பூஜ்ஜிய நேரத்துக்கு, அதாவது ஊசி நேரத்துக்குத் திருத்தப்பட வேண்டும். ஸ்கேனர் மென்பொருள் ஏற்கெனவே திருத்தியதை இன்னொரு முறை திருத்தினால், 60 நிமிடத்தில் புளோரின்-18க்கு 1.46 மடங்கு ஏறும். கேஐ உயர்ந்து, வளைவு மேல்நோக்கி வளைந்திருந்தால் இதைச் சோதியுங்கள்.

#5 வளைவரை

மிகப் பயனுள்ள பட்டியல் சார். தாமதமும் சிதறலும் பற்றி ஒரு வார்த்தை? மணிக்கட்டு மூளையைவிடத் தொலைவு.

விபியைச் சுதந்திரமாக விட்டுப் பொருத்தினேன். கே1 0.112, கே2 0.171, கே3 0.068, விபி 0.046. கே3இன் திட்டப்பிழை 18% ஆனது. கேஐ 0.032.

#6 பிளாஸ்மா_மேசை

தாமதம்: மணிக்கட்டு வளைவு மூளைக்குச் சில விநாடிகள் பிந்தி வரும். திருத்தாமல் விட்டால், உள்ளீடு வருவதற்கு முன்பே திசு வெளிச்சமாகத் தெரியும். மாடல் அதை ஈடுகட்ட கே1ஐயும் கே2ஐயும் சேர்த்து ஏற்றும், விபியும் ஆடும். தாமதத்தை ஒவ்வொரு சிறு பகுதிக்கும் தனியாகப் பொருத்தாதீர்கள், இரைச்சலில் அலையும். முழு மூளையின் வளைவை எடுத்து முதல் 2–3 நிமிடத்தில் தாமதத்தை −10 முதல் +20 விநாடிவரை ஒவ்வொரு விநாடியாக நகர்த்திப் பாருங்கள். எச்சம் (தரவுக்கும் மாடலுக்கும் உள்ள வித்தியாசம்) குறைந்தபட்சமாகும் இடத்தை எல்லாப் பகுதிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சிதறல்: கையின் தமனியிலும் குழாயிலும் வளைவு பரந்துவிடுகிறது. ஈடா குழுவினர் 1986இல் ஒற்றை அடுக்குக்குறிச் சிதறலாக எழுதினார்கள். மாறிலி டௌ என்றால்:

உண்மை வளைவு = அளந்த வளைவு + டௌ × அளந்த வளைவின் வகைக்கெழு

வகைக்கெழு இரைச்சலைப் பெருக்கும். ஆகவே அளந்த புள்ளிகளில் நேரடியாகச் செய்யாதீர்கள். பெங் வடிவம் போன்ற மென்மையான சார்பைப் பொருத்திவிட்டு அதன்மேல் செய்யுங்கள். இரத்த ஓட்டம் அளக்கும் டிரேசரான ஆக்சிஜன்-15 நீரில் இது உயிர்நாடி. எஃப்.டி.ஜி.யில் கேஐ மட்டும் வேண்டுமென்றால் விட்டுவிடலாம்.

#7 கதிரியல்

மருத்துவமனையில் தமனிக் கதீட்டர் எல்லா நோயாளிக்கும் சாத்தியமில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன். கையைச் சூடாக்கித் தமனிமயமான சிரை இரத்தம் எடுப்பது, கழுத்துத் தமனியைப் படத்திலேயே பார்த்து வளைவு எடுப்பது, பலருடைய சராசரி வளைவை இரண்டொரு சாம்பிளால் அளவிடுவது என்று மூன்று வழி இருக்கிறது. மூன்றும் கேஐக்குப் போதும், ஏனென்றால் அதற்கு வேண்டியது வளைவின் கீழ்ப் பரப்பு. கே1க்கு உச்சத்தின் வடிவம் வேண்டும். மூன்றுமே அதைத் தராது.

கழுத்துத் தமனி வழியைத் தேர்ந்தால்: உட்கழுத்துத் தமனியின் விட்டம் 5 மி.மீ. அளவு, பல ஸ்கேனர்களின் பிரித்தறிதிறனும் அதே அளவு. உச்சம் கணிசமாகத் தாழ்ந்தே தெரியும். பின்நேரத்தில் பக்கத்துத் திசுவின் வெளிச்சம் உள்ளே கசிந்து வளைவை ஏற்றும். ஒரே காரணியால் பெருக்கி இரண்டையும் சரிசெய்ய முடியாது. இழப்புக்கும் கசிவுக்கும் தனித்தனி எண் வேண்டும். அதோடு படம் தருவது முழு இரத்தம், பிளாஸ்மா அல்ல. மனித எஃப்.டி.ஜி.யில் இந்த வித்தியாசம் சிறியது. எலியின் சிவப்பணுக்குள் டிரேசர் மெதுவாக நுழைவதால் அங்கே புறக்கணிக்க முடியாது.

#8 வளைவரை

அடுத்த சந்தேகம். கே1 என்பது இரத்த–மூளைத் தடுப்பின் ஊடுருவுதிறன் என்று சில கட்டுரைகளிலும், இரத்த ஓட்டம் என்று சிலவற்றிலும் படிக்கிறேன். எது சரி?

#9 நுண்குழாய்

டிரேசரைப் பொறுத்தது. ரென்கின் 1959இலும் குரோன் 1963இலும் நுண்குழாயை ஒரு உருளையாக எடுத்து எழுதியது:

பிரித்தெடுப்புப் பங்கு ஈ = 1 − எக்ஸ்ப்(−பிஎஸ்/எஃப்)
கே1 = எஃப் × ஈ

எஃப் இரத்த ஓட்டம், பிஎஸ் ஊடுருவுதிறன்–பரப்புப் பெருக்கம், இரண்டும் மிலி/கன செ.மீ./நிமிடம்.

எஃப்.டி.ஜி.யை எடுங்கள். ஓட்டம் 0.5, கே1 0.10 என்றால் ஈ = 0.2. திருப்பிப் போட்டால் பிஎஸ் = −0.5 × மடக்கை(0.8) = 0.11. கே1 கிட்டத்தட்ட பிஎஸ்தான். ஓட்டத்தை இரட்டித்து 1.0 ஆக்கினால் கே1 0.106 ஆகிறது, 7% கூட ஏறவில்லை. ஆக எஃப்.டி.ஜி.யின் கே1ஐ ஓட்டம் என்று எழுதுவது தவறு.

ஆக்சிஜன்-15 நீர் எதிர்ப்பக்கம். பிஎஸ் 1.2 என்று வைத்தால் 0.5 ஓட்டத்தில் ஈ = 0.91, கே1 0.45. ஓட்டம் 1.0 ஆனால் ஈ 0.70, கே1 0.70. ஓட்டம் இரட்டித்தது, கே1 ஒன்றரை மடங்குதான். கெட்டி 1951இல் எழுதிய மந்தவாயுக் கோட்பாட்டைத் தண்ணீருக்கு அப்படியே போட்டால், ஓட்டம் அதிகமான இடத்தில் குறைத்தே சொல்லும். கணக்கு தப்பில்லை, தண்ணீர் முழுச் சுதந்திரமாகத் தடுப்பைத் தாண்டுவதில்லை. பியூட்டனால் தாண்டுகிறது, ஒப்பிட அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்று, எஃப்.டி.ஜி. தடுப்பைத் தாண்டுவது குளுட்-1 கடத்திப் புரதத்தின் வழியாக. குளுக்கோஸும் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறது. பிளாஸ்மா குளுக்கோஸ் ஏறினால் கே1 இறங்கும், தடுப்பு எந்த மாற்றமும் அடையாமலே. குளுக்கோஸ் எண் தராமல் இரண்டு நோயாளிகளின் கே1ஐ ஒப்பிட்டு "தடுப்பு சேதம்" என்று எழுதுவதை ஏற்கவே முடியாது.

வெளித்தள்ளும் கடத்திகள் வேறு வகை. பி-கிளைக்கோபுரதத்துக்குக் கார்பன்-11 வெராபமிலைப் பயன்படுத்துகிறார்கள். கடத்தி வேலைசெய்யும்போது மூலக்கூறு தடுப்பின் செல்லுக்குள்ளேயே திருப்பி அனுப்பப்படுவதால் கே1 தாழ்வு. சைக்ளோஸ்போரினோ டாரிக்விடாரோ கொடுத்துக் கடத்தியை அடைத்தால் கே1 ஏறும். வெளித்தள்ளல் என்றவுடன் கே2வில் தேடத் தோன்றும். இங்கே அது கே1இலேயே பெரிதாகத் தெரிகிறது.

#10 மூன்றாம்_மாறிலி

கே4 = 0 என்று வைத்ததை யாரும் கேட்கவில்லையே. பெல்ப்ஸ் மதிப்பு 0.0068, அரைக்காலம் 102 நிமிடம். 60 நிமிட ஸ்கேனில் இது முழுவதும் மறைந்துவிடாது. இந்த முறையை டீஆக்ஸிகுளுக்கோஸுக்கு உருவாக்கிய சோகலாஃப் 1977இல் எலியில் 45 நிமிடத்தோடு நிறுத்தியதால் அவருக்கு கே4 தேவைப்படவில்லை. மனித ஸ்கேன் நீளும்போது அந்த எடுகோளையும் கூடவே இழுத்துவரக் கூடாது. கே4ஐச் சேர்த்தால் மறுமொழியில் இரண்டு அடுக்குக்குறிகள் வரும்:

ஆல்பா1, ஆல்பா2 = [(கே2+கே3+கே4) ∓ வர்க்கமூலம்((கே2+கே3+கே4)² − 4×கே2×கே4)] / 2

நிரலில் இதை எழுதுவது பத்து வரி வேலை. போடாமல் விட ஒரு காரணமும் இல்லை.

#11 கதிரியல்

போடுவது எளிது, அது தரும் எண்ணை நம்புவதுதான் சிரமம். 60 நிமிடத் தரவில் கே3ம் கே4ம் கடுமையாக ஒட்டியிருக்கின்றன. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும், எச்சம் அசையாது. ஒரு படப்புள்ளி அளவிலான வளைவில் கே4 பாதி இடங்களில் பூஜ்ஜியத்திலும் மீதியில் மேல் வரம்பிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

வரைபட முறையில் பாருங்கள். பாட்லாக், பிளாஸ்பெர்க், ஃபென்ஸ்டர்மாக்கர் 1983:

திசு/சிபி = கேஐ × (சிபியின் பரப்பு/சிபி) + வெட்டு

20 முதல் 60 நிமிடம்வரை நேர்கோடாக இருந்தால் சாய்வே கேஐ. கே4 முக்கியமாக இருந்தால் கடைசிப் புள்ளிகள் கீழே வளையும். வளைவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு கே4ஐச் சேர்க்கலாம்.

#12 மூன்றாம்_மாறிலி

கண்ணால் பார்ப்பது போதாது. பாட்லாக் கோட்டில் மெல்லிய வளைவு 5% அளவு சாய்வைத் தின்றுவிட்டும் நேர்கோடு போலவே தெரியும், ஏனென்றால் அதன் கிடையச்சு பின்நேரத்தில் நீண்டுகொண்டே போகிறது. 20–40க்கு ஒரு சாய்வு, 40–60க்கு ஒரு சாய்வு தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டாவது தொடர்ந்து குறைவாக எல்லாப் பகுதியிலும் வந்தால் கே4 இருக்கிறது. பகுதி அளவிலான வளைவுக்கு அகைகே அளவீட்டில் (பொருத்தத்தையும் மாறிலிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எடைபோடும் எண்) இரண்டு மாடலையும் ஒப்பிடலாம். படப்புள்ளி அளவில் கே4 வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

#13 நுண்குழாய்

இந்த 5% சண்டைக்கு நடுவே இதையும் பாருங்கள். குளுக்கோஸ் பயன்பாட்டு வீதம் = கேஐ × பிளாஸ்மா குளுக்கோஸ் / கூட்டு மாறிலி. எஃப்.டி.ஜி.யும் குளுக்கோஸும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதை ஈடுகட்டும் எண்தான் கூட்டு மாறிலி. கேஐ 0.0329, குளுக்கோஸ் 5 மில்லிமோல்/லிட்டர் என்று வைத்தால்:

கூட்டு மாறிலி 0.42 என்றால் 39 மைக்ரோமோல்/100 மிலி/நிமிடம்
0.52 என்றால் 32
0.81 என்றால் 20

மூன்றும் மனித மூளைக்கென்று வெவ்வேறு காலத்தில் அளக்கப்பட்டவை. முதலாவது 1979, மூன்றாவது 1998. எலியில் டீஆக்ஸிகுளுக்கோஸுக்கு சோகலாஃப் கண்டது 0.483. உங்கள் ஸ்கேனில் இந்த எண்ணைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது, வெளியிலிருந்து வருகிறது. ஆகவே இரண்டு ஆய்வகங்களின் இறுதி வீதத்தை ஒப்பிடும் முன் இரண்டையும் கேஐக்குத் திருப்பிவிட்டு ஒப்பிடுங்கள். கேஐயைத் தராமல் இறுதி வீதத்தை மட்டும் அச்சிடும் கட்டுரையால் அடுத்தவருக்குப் பயன் குறைவு.

#14 எண்முறை

நிரல் எழுதுபவர்களுக்கு.

கன்வல்யூஷனை (உள்ளீட்டையும் துடிப்பு மறுமொழியையும் இணைக்கும் கணக்கை) பிரேம் நேரங்களில் செய்யாதீர்கள். உள்ளீட்டை 0.5 அல்லது 1 விநாடிக் கட்டத்துக்கு இடைச்செருகி அங்கே செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு பிரேமின் தொடக்கம் முதல் முடிவுவரை மாடலைச் சராசரி எடுங்கள். நடுநேர மதிப்பை எடுத்தால் 5 நிமிட பிரேமில் பிழை சிறியது. உச்சத்தைத் தாங்கிய 30 விநாடி பிரேமில் பெரிது.

எடை: தேய்வு திருத்திய செறிவின் மாறுபாடு, செறிவு × எக்ஸ்ப்(லாம்டா×நே) / பிரேம் நீளம் என்பதற்கு விகிதமாகப் போகும் (லாம்டா கதிரியக்கத் தேய்வு மாறிலி). எடை அதன் தலைகீழ். அளந்த இரைச்சல் மதிப்பையே எடைக்குள் போட்டால், தற்செயலாகத் தாழ்ந்த புள்ளிக்கு அதிக எடை போய்ப் பொருத்தம் முழுவதும் கீழே இழுக்கப்படும். முழு மூளையின் வளைவிலிருந்து எடையை எடுத்து எல்லாப் பகுதிக்கும் பயன்படுத்துங்கள். முதல் பிரேம்களில் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கு அருகில் இருப்பதால் எடை வெடித்து எகிறும், ஒரு வரம்பு போடுங்கள்.

தொடக்க மதிப்பு ஒன்றை மட்டும் கொடுத்து ஓட்டாதீர்கள். 20 அல்லது 30 இடங்களிலிருந்து தொடங்கி எத்தனை முறை ஒரே குழிக்கு வருகிறது என்று பாருங்கள். விடை வரம்பின் விளிம்பில் வந்து நின்றால் அது விடையே அல்ல.

மாறிகளை மாற்றி எழுதுவது பெரிய நன்மை தரும். கே1, கே2, கே3க்குப் பதில் கே1, கே1/கே2, கேஐ என்று பொருத்தினால் கேஐக்குத் திட்டப்பிழை நேரடியாகக் கிடைக்கும். தனி மாறிலிகளின் பிழைகளைச் சேர்த்து கேஐயின் பிழையைக் கணக்கிடுவதாக இருந்தால் ஒட்டுறவு அணி முழுவதும் வேண்டும். அதை விட்டுவிட்டு வர்க்கங்களை மட்டும் கூட்டினால் உண்மையைவிடப் பல மடங்கு பெரிய பிழை வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை: #2இல் உள்ள பெங் உள்ளீடு, பெல்ப்ஸ் மாறிலிகள், விபி 0.05 வைத்து உங்கள் பிரேம்களில் செயற்கைத் தரவு செய்யுங்கள். இரைச்சல் இல்லாமல் முதலில். நான்கு இலக்கம்வரை மாறிலிகள் திரும்பக் கிடைக்காவிட்டால் நிரலில் பிழை. பிறகு 1000 இரைச்சல் பிரதிகள் எடுத்துச் சராசரியின் விலகலையும் பரவலையும் பாருங்கள். உண்மைத் தரவைத் தொடுவது அதற்கு அப்புறம்தான்.

#15 வளைவரை

ஏற்பி லிகண்டுகளுக்கும், அதாவது மூளையின் ஏற்பிகளில் பிணையும் டிரேசர்களுக்கும், இதே கதைதானா?

#16 பிளாஸ்மா_மேசை

அங்கே மேசை வேலை இன்னும் கடினம். எஃப்.டி.ஜி.யில் பிளாஸ்மாவின் கதிரியக்கம் எல்லாம் டிரேசர் என்று எடுத்துக்கொள்கிறோம். லிகண்டுகள் ஈரலில் சிதைகின்றன. சிலவற்றில் அரை மணியில் தாய்ச்சேர்மம் (சிதையாத டிரேசர்) 10%க்கும் கீழே போகும். 2, 5, 10, 20, 30, 60 நிமிடங்களில் பிளாஸ்மாவை எடுத்து, புரதத்தை அசிட்டோநைட்ரைலால் வீழ்த்தி, எச்பிஎல்சியில் (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) பிரித்து, தாய்ப்பங்குக்கு ஹில் வடிவச் சார்பைப் பொருத்த வேண்டும். கார்பன்-11க்கு அரைவாழ்வு 20.4 நிமிடம் என்பதால் 60ஆவது நிமிடச் சாம்பிளில் எண்ணிக்கையே சொற்பம். அந்த ஒரு புள்ளியின் பிழை பரவல் கன அளவை (சமநிலையில் திசு/பிளாஸ்மா செறிவு விகிதம்) நேரே அசைக்கும். வீழ்படிவோடு எவ்வளவு கதிரியக்கம் போய்விட்டது என்பதையும் ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். மீட்பு விகிதம் நேரத்தோடு மாறினால் தாய்ப்பங்கு பொய்யாகும்.

#17 நுண்குழாய்

மாடல் பக்கம்: மீள்பிணைப்பு லிகண்டில் கே4 தவிர்க்க முடியாதது. நம்பத்தக்க எண் மொத்தப் பரவல் கன அளவு, விடி = (கே1/கே2)×(1+கே3/கே4). பிணைப்புத் திறன் கே3/கே4 என்று தனியாக எடுத்தால் ஆடும். ஏற்பி இல்லாத பகுதியின் விடியோடு ஒப்பிட்டு எடுத்தால் நிற்கும். டோபமைன் ஏற்பி லிகண்டான ராக்லோபிரைடுக்குச் சிறுமூளை அந்த வேலையைச் செய்கிறது. லாமர்ட்ஸ்மா, ஹியூம் 1996 எளிய ஒப்புத்திசு மாடலில் தமனியே வேண்டாம். ஆனால் ஒப்புப் பகுதியில் உண்மையிலேயே ஏற்பி இல்லை என்பது வேறு வழியில், அடைப்பு மருந்து கொடுத்து, நிறுவப்பட்டிருக்க வேண்டும். எல்லா லிகண்டுக்கும் சிறுமூளையை எடுத்துக்கொள்ள முடியாது.

லோகன் வரைபடத்தில் (மீள்பிணைப்புக்கான, பாட்லாக் போன்ற நேர்கோட்டு முறை) இரைச்சல் ஏற ஏற விடி குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் இரைச்சலுள்ள திசு மதிப்பு இரண்டு அச்சிலும் வகுஎண்ணாக நிற்கிறது. இச்சிசே 2002இல் கொடுத்த பன்மாறி வடிவம் இந்தச் சாய்மானத்தைக் குறைக்கும். படப்புள்ளி வரைபடங்களை நோயாளிகளுக்கிடையே ஒப்பிடும்போது இது முக்கியம். குறைந்த மருந்தளவு கிடைத்தவரின் விடி இரைச்சலாலேயே தாழ்ந்து தெரியும்.

#18 கதிரியல்

எம்ஆர்ஐயில் கடோலினியம் மாறுபாட்டு மருந்தின் கசிவை அளப்பவர்கள் இந்த இழைக்கு வந்தால் ஒரு குறிப்பு. அங்கேயும் பாட்லாக்தான்: திசு = விபிளாஸ்மா×சிபி + கேஐ×சிபியின் பரப்பு (விபிளாஸ்மா பிளாஸ்மாவின் கன அளவுப் பங்கு). பிரித்தெடுப்பு மிகச் சிறியது என்பதால் கேஐ பிஎஸ்ஸுக்குச் சமம். ஓட்டம் உள்ளே வருவதே இல்லை. சிக்கல் அளவில். கட்டி இல்லாத மூளையில் கேஐ நிமிடத்துக்கு 0.001க்கும் கீழே. 0.0005 என்றும், பிளாஸ்மாவில் சராசரி 1 மில்லிமோல்/லிட்டர் 20 நிமிடம் இருந்தது என்றும் வையுங்கள்: கசிந்தது 0.01 மில்லிமோல்/லிட்டர். தளர்வுத்திறன் (1 மில்லிமோல்/லிட்டர் மருந்து தளர்வு வீதத்தை ஏற்றும் அளவு) 4 என்றால் தளர்வு வீதம் விநாடிக்கு 0.04 மாறும். 3 டெஸ்லாவில் சாம்பல்நிறத் திசுவின் அடிப்படை வீதம் 0.77 அளவு. மாற்றம் 5%. கேஐ 0.0001 என்றால் 1%. ஸ்கேனரின் சொந்த நகர்வே 20 நிமிடத்தில் 1% இருக்கலாம். மருந்து இல்லாமல் அதே வரிசையை ஃபேன்டமில் ஓட்டி நகர்வை அளக்காமல் இந்த எண்களை நம்ப வேண்டாம்.

உள்ளீட்டை மேல் நெடுஞ்சிரைக்குழியில் எடுத்துவிட்டு 1−ஹிமட்டோகிரிட்டால் (ஹிமட்டோகிரிட் இரத்தத்தில் சிவப்பணுக்களின் கன அளவுப் பங்கு) வகுக்க மறந்தால், ஹிமட்டோகிரிட் 0.45க்கு கேஐ 1.8 மடங்கு ஏறும்.

#19 வளைவரை

20–40, 40–60 சாய்வுகளைத் தனியாகப் போட்டேன்: 0.0318, 0.0304. ஆறு பகுதிகளிலும் இரண்டாவது குறைவு.

#20 மூன்றாம்_மாறிலி

கே4ஐச் சேர்த்துப் பகுதி வளைவுகளை மறுபடி பொருத்துங்கள். மேல் வரம்பு 0.02 போதும், தொடக்கம் 0.005. முடிவில் கே3, கே4க்கிடையே ஒட்டுறவு 0.95ஐத் தாண்டினால் கே4ஐ ஆறு பகுதிக்கும் பொதுவான ஒரே எண்ணாக வைத்து ஒருசேரப் பொருத்துங்கள். கே1, கே2, கே3, விபி மட்டும் பகுதிக்குப் பகுதி மாறட்டும்.